எலுமிச்சை, மலர், புது மரம்

அறுபதுகளின் நடுவே நான் இராயபுரத்தில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தேன். உப்பிட்ட மாட்டுத் தோல்களை உதறி, தரம் பிரித்து, கப்பலுக்குக் கட்டி அனுப்புவது எங்கள் பணி. அந்த வாடை சட்டையைத் துவைத்தாலும் போகாது. மேனியைத் தேய்த்தாலும் போகாது. சில ஆண்டுகள் அங்கே இருந்தவனுக்கு அது தெரிவதும் இல்லை.

எனக்கு அதைத் தெரிவித்தவள் எங்கள் மாதா கோயிலின் பாடகர் குழுவில் பாடிய ஒரு பெண். அவள் தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஞாயிறு பூசை முடிந்து கலையும் கூட்டத்தில், திரும்பிப் பாராமலே அவள் சொன்னாள்:

"நீ பின்னால வந்து நின்னாலே தெரிஞ்சிடுது. கண்ணே வாணாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். ஆயினும் வீடு வரையில் என்னோடு வந்தது வாடையைப் பற்றிய வெட்கம் ஒன்றே.

எங்கள் விருப்பத்தை இரு வீட்டாரும் அறிந்திருந்தனர். பேசி முடிக்கலாம் என்றிருந்த வேளையில், துறைமுகத்தில் கிரேனின் சங்கிலி அறுந்து அவள் தந்தை இறந்துபோனார். பம்பாயிலிருந்து மூத்த மகன் வந்து சேரும்வரை உடலை வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். செய்தி கேட்டுக் கிடங்கிலிருந்து நேராக ஓடியவன், என் மேல் வீசும் வாடையை எண்ணி உள்ளே செல்லக் கூசித் தெருவிலேயே நின்றுவிட்டேன். அடக்கத்தின்போதும் கூட்டத்தின் கடைசியில்தான் நடந்தேன்.

முதலாண்டு நினைவுப் பூசை முடிந்தபின், பெண் கேட்கச் செல்ல என் அக்காள் நாள் பார்த்தாள். அதை அறிந்து, சரக்குக் கப்பலில் பணிபுரிந்த என் நண்பன் அயல்நாட்டிலிருந்து ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை வாங்கி வந்தான்.

"இந்தா மாமு, துரைங்க போட்டுக்கிற சென்ட்டு. பூசிகினு போ. பொண்ணு இன்னா, மாமியாரே மயங்கிடும்."

கடற்கரைக்குச் சென்று மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல ஒரு கூர்மை. அது அடங்கியதும் ஏதோ வெள்ளைப் பூவின் மணம், மல்லிகையுமன்று, சம்பங்கியுமன்று. நெடுநேரம் சென்றபின் இழைப்புளி ஓடிய புது மரத்தின் மணம். இத்தனை நயமான ஒன்றை என் உடம்பு அதற்கு முன் அறிந்ததில்லை. பெண் கேட்கச் சென்ற அன்று மார்பிலும் கழுத்திலும் கைக்குட்டையிலும் தாராளமாகப் பூசிக்கொண்டேன்.

அதே முன்னறையில் எங்களை அமர்த்தினார்கள். காப்பியோடு வந்த அவள் தாயார் எனக்கு அருகில் வந்ததும் நின்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவர இங்கதான் படுக்க வெச்சிருந்தோம். வாடை வராம, எலுமிச்ச வாசன அடிக்குமே அந்த யூடிகோலன், அத ஊத்திகினே இருந்தோம். மால மாலயா பூவு. அப்பால புது மரத்துல சவப்பொட்டி. அந்த வாசனைய கழுவிக் கழுவி இப்பத்தான் வூடு வூடா கீது. நீ மறுபடி எடுத்தாந்துட்டியே நைனா."

உள்வாசல் திரைக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். முந்தானையால் மூக்கை அழுத்தி மூடியிருந்தாள்.

அது கப்பலில் வந்த வாசனைத் தைலம் என்று அக்காள் எவ்வளவோ எடுத்துரைத்தாள். மீண்டும் போய்க் கெஞ்சினாள். நான் நல்லவன் என்றுதான் அந்தத் தாயார் சொன்னாராம். ஆனால் என் முகத்தை நினைத்தாலே அந்த மணம் வருகிறது என்று அழுதாராம். தாலியை இழந்தவரை எதிர்த்துப் பேச மகளுக்கு மனம் வரவில்லை.

பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவருக்கு அவளைக் கொடுத்தார்கள். திருமணம் எங்கள் கோயிலிலேயே நடந்தது. அன்று நான் விடுப்பு எடுக்கவில்லை. வேலை உடுப்போடு வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்திலிருந்தவர்கள் மெல்ல விலகிக்கொண்டார்கள்.

பூசை முடிந்து, தலை குனிந்தவாறு கணவரோடு அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். தூணை நெருங்கியதும் நின்றாள். நிமிரவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை. மூக்கை மூடவுமில்லை. ஆழமாக ஒரு மூச்சு இழுத்ததில் முகத்திரை அசைந்தது.

மாப்பிள்ளை அவள் கையைத் தொட்டார். நடந்தாள்.