முகம் வராத படம்

அக்ரிலிக் வண்ணத்தில் ஒரு சௌகரியம் உண்டு. செய்த தப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். அதன் மேலேயே அடுத்ததைப் பூசிவிடலாம். யாரிடமும் படிக்காமல் படம் போட வந்த என்னைப் போன்றவனை அதுதான் காப்பாற்றியது. பிரஷைவிடத் தோசைத் திருப்பிதான் என் கைக்குப் பழகியது. வண்ணத்தை அள்ளி அப்பி ஒரே இழுப்பாக இழுப்பேன். "ஒன்னு வெந்துச்சா?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேலி செய்வாள்.

கடல் வரும், படகு வரும், சந்தைக் கூட்டம் வரும். முகம் மட்டும் வராது. மூக்கு ஒரு பக்கம் போனால் கண் இன்னொரு பக்கம் போகும். அதனால் எல்லா முகத்தையும் ஒரே நிறத்தில் இழுத்து மூடிவிடுவேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் என் படங்களுக்கும் இடம் கிடைத்தது. ஏற்பாடு செய்தவர் வருகிறவர்களிடமெல்லாம், "முகத்தை வேணும்னேதான் விட்டிருக்காரு, இந்தக் காலத்து மனுஷன் அடையாளம் இல்லாதவன்னு சொல்றாரு" என்று விளக்கினார். நானும் பெரிய மேதை மாதிரி தலையாட்டினேன். வெட்கம் கெட்டவன்.

குருசுக்குப்பத்திலிருந்து கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவையும் வரைந்திருந்தேன். எப்படியோ கேள்விப்பட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகளோடு வந்துவிட்டார். இத்தனை பேர் நடுவில் என் குட்டு உடையப்போகிறது.

படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கூடை இருந்தது, கை இருந்தது, தூக்கிச் செருகிய சேலையும் இருந்தது.

"தம்பி, எம் மூஞ்சி எங்க?"

குரல் இறங்கிப்போயிருந்தது. ஏற்பாட்டாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அக்கா நின்ற நிலையைப் பார்த்த பிறகு என்னால் அதற்கு மேல் நடிக்க முடியவில்லை.

"மூஞ்சி போட எனக்கு வராதுக்கா. நாலு தடவ போட்டுப் பாத்தேன். நாலு தடவையும் வேற யாரோ வந்தாங்க. பூசி மூடிட்டேன்."

ஏற்பாட்டாளர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கோ, அப்பாடா என்றிருந்தது. இனி யாருக்கும் மேதையாக இருக்க வேண்டியதில்லை.

அக்கா என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார்.

"அட, அவ்ளோதானா! நான்கூட எம் மூஞ்சி நல்லால்லன்னு அழிச்சிட்டியோன்னு நெனச்சிட்டேன்." மகளின் தோளைத் தட்டினார். "கேட்டியாடி, தம்பிக்குத்தான் வரலயாம்!"