தேதி இல்லாத பக்கங்கள்

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மைசூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு ஆவணங்கள் எழுதித் தருவது என் வேலை. அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஏஐ ஏஜெண்ட்டுகளுக்கான இணையத் தேடல் கருவி. யாராவது கேள்வி கேட்டால், ஏஜெண்ட் தனக்குத் தெரியாததை இந்தக் கருவியைக் கொண்டு தேடிப் பதில் சொல்லும். எப்போது தேட வேண்டும், கிடைத்ததை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதுவதை எஞ்சினியர்களும் படிப்பார்கள், ஏஜெண்ட்டும் படிக்கும்.

பல வருடமாக மனிதர்களுக்காக எழுதியவள் நான். மனிதர்கள் பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்வார்கள். இந்த ஏஜெண்ட்டோ எழுதியதை எழுதியபடியே செய்தது. அதனால் ஒரு வாக்கியம் எழுதுவேன், எழுந்து சமையலறைக்குப் போவேன், அடுப்பைப் பற்றவைக்காமலே திரும்பி வந்து அதை மாற்றுவேன்.

தேடல் முடிவுகளில் பக்கத்தின் தேதிக்கென்று ஓர் இடம் உண்டு. பல பக்கங்களுக்கு அது காலியாகவே வந்தது. நான் இப்படி எழுதினேன்: "தேதி இல்லாத பக்கம் பழையதாக இருக்கலாம். அதை மட்டும் நம்பிப் பதில் சொல்லாதே. உறுதியில்லை என்று சொல்."

கருவியைக் கட்டிய எஞ்சினியர் என்னைவிட இளையவர். மேலுக்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். புதன்கிழமை போன் செய்தார்.

"மேடம், அந்த மூணு லைன் பேடா, வேண்டாம். எடுத்துடுங்கோ."

"ஏன், உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அதைப் படிச்சுட்டு ஏஜெண்ட் எதைக் கேட்டாலும் உறுதியில்லை, உறுதியில்லைன்னே சொல்லிண்டிருக்கு. இதை யார் வாங்குவா?"

வாதாடியிருக்கலாம். திங்கட்கிழமை வெளியீடு. எடுத்துவிட்டேன்.

மறுநாள் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் கணவர், மாமாவுக்கு இடது கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் இருக்கும் கண் டாக்டர் சனிக்கிழமை இருப்பாரா என்று கேட்டாள். எனக்குக் கை பரபரத்தது. சோதனைக்கு வைத்திருந்த எங்கள் ஏஜெண்ட்டிடமே கேட்டேன். சனிக்கிழமையும் உண்டு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை என்று சில நொடிகளில் பதில் வந்தது. சந்தேகமே இல்லாத வாக்கியம். அப்படியே அக்காவிடம் சொன்னேன். கிளினிக் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். போய்ப் பார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை அவர்கள் விடியுமுன் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி வந்து சேர்ந்தார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தச் சந்தில் ஆட்டோவை விட்டு இறங்கியபோதே கிளினிக்கின் ஷட்டர் மூடியிருப்பது தெரிந்தது. பக்கத்து ஊதுபத்திக் கடைக்காரர் நிமிராமலே சொன்னார்: "சனிவார பரோதில்லா. எரடு வர்ஷ ஆய்து." டாக்டர் சனிக்கிழமை வருவதை நிறுத்தி இரண்டு வருடம்.

நாங்கள் திரும்பினோம். இடப்பக்கமாகத் தலையில் மூட்டையோடு ஒருவர் வேகமாக வந்தார். மாமாவின் மங்கிய கண்ணுக்கு அவர் வருவது தெரியவில்லை. மோதி, நிலைதடுமாறி, மாமா முழங்காலில் விழுந்தார். நானும் அக்காவும் கைகொடுத்துத் தூக்கினோம். மாமா கிளினிக் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"தப்பு என்னுதுதான்க்கா," என்றேன்.

"போச்சாது போ. கம்ப்யூட்டரு சொன்னத நீ சொன்னே."

"அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப ஒழுங்காச் சொல்லிக் குடுக்கோணும், அம்மிணி," என்றாள், மாமாவின் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போட்டுவிட்டு, ஏஜெண்ட் என்ன படித்தது என்று பார்த்தேன். ஒரே ஒரு பக்கம். தேதி காலி. உடனே அந்த மூன்று வரிகளைத் திரும்பச் சேர்க்கத்தான் நினைத்தேன். ஆனால் எஞ்சினியர் சொன்னதும் பொய்யில்லை. எல்லாவற்றுக்கும் உறுதியில்லை என்கிறவனிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அக்கா கூடத்தில் உறங்க, நான் எழுதுவதும் ஏஜெண்ட்டில் ஓட்டிப் பார்ப்பதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் நின்றது இது: "திறந்திருக்கும் நேரம் போல மாறக்கூடியதைக் கேட்டால், பக்கத்தில் தேதி இல்லாதபோது அதைச் சொல்லிவிடு. கிளம்பும் முன் எங்கே விசாரிப்பது என்றும் சொல்."

எஞ்சினியருக்கு போன் செய்து, நடந்ததைச் சொன்னேன்.

"மாமாவுக்கு அடி பலமா?"

"முழங்கால் சிராய்ச்சிருக்கு."

"அனுப்புங்கோ. நானும் ஓட்டிப் பாக்கறேன். திங்கக்கிழமை ரிலீஸ் ஆகாது, நான் மேனேஜர்கிட்ட பேசிக்கறேன்."

திங்கட்கிழமை, இந்த முறை முதலிலேயே போன் செய்து கேட்டுவிட்டு, டாக்டரிடம் போனோம். கண்புரை. அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று மாமா என் முகத்தை உற்றுப் பார்த்து, "அம்மிணி, உனக்கு இத்தன நரையா!" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கருவி ஒரு வாரம் தாமதமாக வெளியானது. வந்த முதல் புகாரே, இது அடிக்கடி 'விசாரித்துக்கொள்ளுங்கள்' என்கிறது என்பதுதான். அதை இரண்டு முறை படித்தேன். எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். வரியை மாற்றவில்லை.