எஸ்ரா சாரின் இருமல்கள்

சங்கரன்கோவிலில் டாக்டர் எஸ்ராவைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் இருமித்தான் காட்டுவார்கள். டீக்கடை மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நெஞ்சைக் குலுக்கி ஒரு இருமல் இருமிவிட்டு, "இது யாரு, சொல்லும் பாப்போம்?" என்று எஸ்ரா சார் மாதிரியே கேட்பார். அது விசைத்தறிக்காரன் இருமல். அதிலும் திங்கட்கிழமை இருமல் வேறு, சனிக்கிழமை இருமல் வேறு. லீவுக்காக இருமுகிறவனின் இருமல் தொண்டைக்குக் கீழே இறங்கவே இறங்காது. இத்தனையையும் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது எஸ்ரா சார்தான்.

சாருக்கு அது சின்ன வயதிலேயே வந்த வியாதி. மிஷன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மகன். சர்ச்சில் பாதிரி ஐயர் மூக்கால் ஜெபிப்பதை அப்படியே செய்து காட்டி அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கினார். அடிக்கும்போது அப்பாவுக்கு மூச்சு இரைத்ததல்லவா, அதை அன்று சாயங்காலமே தெருப் பையன்களுக்குச் செய்து காட்டினார். சிரித்த பையன்களில் ஒருவனுக்கும் அந்த அப்பாவுக்கு ஆஸ்துமா என்று தெரியாது. எஸ்ராவுக்குத் தெரியும்.

பிறகு நுரையீரல் டாக்டரானார். வெளியூர் சம்பளமெல்லாம் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி, ராஜபாளையம் ரோட்டு ஆஸ்பத்திரியில் ஐசியூவைப் பிடித்துக்கொண்டார். எம்.டி. முடித்தவர்கள் நெஞ்சு வைத்தியமும் தீவிர சிகிச்சையும் தனியாகப் படிக்க அங்கே இரண்டு வருஷப் பயிற்சி உண்டு. படிக்க வருகிறவர்களுக்கு ஃபெல்லோ என்று பெயர். எஸ்ரா சார் வைத்த பெயர் வேறு. அச்சில் போட முடியாது.

மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எஸ்ரா சாரின் பாடம், 'சொல்லுத கிளாஸ்'. நோயாளி பிழைக்கமாட்டார் என்பதை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது? சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தோளில் துண்டைப் போட்டால் உழுது பிழைக்கும் குருவிகுளத்துச் சம்சாரி. தலையில் முக்காடு இழுத்தால் துபாயில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டும் கடையநல்லூர் உம்மா. எதிரே நிற்கும் ஃபெல்லோ சொல்ல வேண்டும். சொன்னது பிடிக்காவிட்டால் ஃபெல்லோவின் குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். அதில்தான் எல்லாரும் அழுவார்கள். முந்தின வாரம் அழுதவள் ஜெனிபா.

இந்த வாரம் கோமதிசங்கரின் முறை. நல்ல பையன், கெட்டிக்காரன், வாய்தான் தந்தியடிக்கும். போன மாதம் கடையநல்லூர் கதீஜம்மாளிடம் அவள் அண்ணன் பிழைக்க நாற்பது பெர்சென்ட் வாய்ப்பு என்று சொல்லிவிட்டான். "அல்ஹம்துலில்லாஹ், முப்பத்தஞ்சுதானே பாஸு" என்று அந்த அம்மா வார்டெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரியே அண்ணன் ஃபெயில்.

"இனிமே எங்கிட்ட சொல்லிக் காட்டி, நான் சரின்னு சொன்ன பொறவுதான் வீட்டாள்கிட்ட நீ வாயத் தொறக்கணும்" என்று எஸ்ரா சார் உத்தரவு போட்டார். அதுதான் வினையானது.

கரிவலம்வந்தநல்லூர் இசக்கிப்பாண்டி விசைத்தறியில் ஆயுசைக் கழித்தவர். பஞ்சு குடித்த நெஞ்சில் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. தொண்டையில் குழாய் போடுவதற்கு முன் பெண்டாட்டி அன்னக்கிளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "என்னைய உசுரோட நடையேத்திரு, அன்னம்."

அவர்கள் தெருவில் வெளியே செத்தவனை வாசற்படி தாண்டி நடைக்குள் கொண்டுபோக மாட்டார்கள். தெருவிலேதான் கிடத்துவார்கள். அவருடைய தம்பி அப்படித்தான் மழையில் கிடந்தான். அன்னக்கிளி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எஸ்ரா சாரும் பக்கத்திலேதான் நின்றார். "கவலப்படாத தாயீ, நேரம் வந்தா முன்னக்கூட்டியே சொல்லிருவோம்" என்றார், தன் சொந்தக் குரலில்.

நேரம் வந்தது. காலை ரவுண்ட்ஸிலேயே சாருக்குத் தெரிந்துவிட்டது, பொழுது சாயும்வரை தாங்காது.

"ஏலே கோமதி, இத நீதான் சொல்லுத. கிளாஸ் ரூமுக்கு வா. ஜெனிபா, நீயும் வா."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒருத்தி நல்லெண்ணத்தில் அன்னக்கிளியிடம், "டாக்டர் உங்ககிட்டப் பேசணுமாம், அந்த ரூம் வாசல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள். ஏசி ஓடாத அறை. காற்றுக்காகக் கதவு பாதி திறந்தே கிடந்தது.

எஸ்ரா சார் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டின் நுனியை வாயில் கவ்வினார். தோள் குறுகியது. அன்னக்கிளியாகிவிட்டார்.

"என்ன சார், எங்க வீட்டாளப் பத்தி என்ன சொல்லுதிய?"

"அம்மா, எங்களால முடிஞ்ச ட்ரீட்மென்ட்டெல்லாம்…"

"சரியா வரல. நீ முடிஞ்சதச் சொல்லுத. அவளுக்கு முடியாததுதான வேணும். திருப்பிச் சொல்லு."

"அம்மா, இனிமே எல்லாம் கடவுள் கையில…"

"கடவுளுக்கு எந்த வார்டுல டியூட்டி? சரியா வரல. திருப்பிச் சொல்லு."

கோமதிசங்கர் வியர்த்தான். சார் அவன் வியர்வையைத் துடைக்கிற விதத்தைச் செய்து காட்டினார். போன வாரம் அழுத ஜெனிபா வாய்விட்டுச் சிரித்தாள். ஐசியூவிலிருந்து போன் வந்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

"சார், இசக்கிப்பாண்டிக்கு பிபி எறங்குதாம். மொதல்ல அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்களேன்."

"ஏட்டி, நானே சொன்னா இவன் என்னைக்குப் படிக்க? மருந்தக் கூட்டச் சொல்லு. ம், திருப்பிச் சொல்லு."

சாருக்கு உள்ளே ஒன்று உறுத்தியது, இல்லாமலில்லை. ஆனாலும் குரல் அன்றைக்கு அவருக்கு அவ்வளவு அழகாகக் கூடி வந்திருந்தது. பாதியில் இறக்கி வைக்க மனசில்லை.

மத்தியானச் சாப்பாட்டு மணியும் அடித்து ஓய்ந்தது. கோமதிசங்கர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான்: "அம்மா, அவரு பொழைக்க மாட்டாரு. இன்னைக்கே போயிருவாரு. வீட்டுக்குக் கொண்டுபோகணும்னா இப்பமே கொண்டு போயிரணும்."

"ஆங்! இதுதாம்லே சொல்லு!" என்று சார் தொடையைத் தட்டினார். தட்டிய கையாலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அன்னக்கிளியின் குரலில் ஒப்பாரியை எடுத்துவிட்டார். "ஏ எஞ் சாமீ… என்னையத் தனியா விட்டுட்டு எங்கன போறிய…" அந்தக் கரகரப்பு, நுனியில் உடைகிற அந்தக் கீச்சு, எல்லாம் அச்சு அசல்.

ஃபெல்லோக்கள் இரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். அதைச் சார் கவனிப்பதற்குள் இன்னும் ஒரு வரி அழுது முடித்திருந்தார்.

அன்னக்கிளி வாசலில் நின்றாள். கண்ணில் சொட்டு இல்லை.

"காலையில இருந்து இங்கனதான் நிக்கேன் சார்" என்றாள். "கொண்டு போகட்டுமா?"

வென்டிலேட்டரைக் கழற்றி, குழாயில் கையால் அமுக்குகிற மூச்சுப் பையை மாட்டினார்கள். கோமதிசங்கர் தாறுமாறாக அமுக்கினான். எஸ்ரா சார் பையைப் பிடுங்கிக்கொண்டு தானே ஆம்புலன்ஸில் ஏறினார். அன்னக்கிளி முன்னால், டிரைவர் பக்கம் ஏறினாள். டிரைவர் சங்கரசுப்பு சைரனைப் போட்டு விரட்டினான். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். சாரின் விரல் இசக்கிப்பாண்டியின் கழுத்தில் இருந்தது. விரலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

சார் சொல்லவில்லை. பையை அமுக்கிக்கொண்டே வந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. எதிரே இருந்த கோமதிசங்கர் மானிட்டரைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். சார் மானிட்டரை அணைத்தார். வெறுமனே அமுக்கவில்லை, சின்னதாய் ஒன்று, சின்னதாய் ஒன்று, பிறகு இழுத்து ஒன்று. இசக்கிப்பாண்டி மூச்சு விடுகிற மாதிரியே.

தெருமுனையில் ஆண்கள் வழிமறித்து நின்றார்கள். "உசுரு இருக்கா?"

"இருக்கு" என்றார் எஸ்ரா சார். "வழி விடுங்க."

ஸ்ட்ரெச்சர் வாசற்படிக்கு முன்னால் வந்தது. அன்னக்கிளி புருஷனின் நெஞ்சில் கையை வைத்தாள். அது ஏறியது, இறங்கியது, ஏறியது. கையை எடுத்துவிட்டு எஸ்ரா சாரின் முகத்தைப் பார்த்தாள்.

"போதும் சார். அவரு மூச்சு இப்படி இருக்காது." பிறகு, காலையிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அதே குரலில் சொன்னாள்: "சரியா வரல."

சாரின் கை அப்படியே நின்றது. நெஞ்சும் நின்றது.

"பொய் மூச்சோட அவர நடையேத்த மாட்டேன். தெருவுலயே போடுங்க" என்று ஆண்களிடம் சொன்னாள்.

நடுத்தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். மேலே தார்ப்பாய் கட்ட ஓடினான் ஒருவன். பெண்கள் சூழ்ந்துகொண்டு, "வாய்விட்டு அழுதுரு அன்னக்கிளி, நெஞ்சு வெடிச்சிரும்" என்றார்கள். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். "அத அந்த சார் அழுதுட்டாரு" என்றாள். யாருக்கும் புரியவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

திரும்பும்போது கோமதிசங்கர் முன்னால் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். எஸ்ரா சார் பின்னால் காலி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் மூச்சுப் பையை மடியில் வைத்திருந்தார். கரிவலம் விலக்கு தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி கிளம்பி, நடுவில் உடைந்து, கீச்சென்று முடிந்தது. மறுபடியும் வந்தது.

சங்கரசுப்பு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"நல்லாருக்கு சார். இது யாரு?"