கழனியில் விட்ட கெண்டை

மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் பாத்திரம் கழுவிய நாட்களில் பக்கத்துத் தொட்டியில் கழுவியவன் ஜாவாக்காரன். இருவருக்கும் ஒரே மாதத்தில் பெர்மிட் முடிந்தது. "உன் ஊர் எங்கேயும் போய்விடாது, முதலில் என் ஊருக்கு வா" என்றான். என்னை அப்படி யாராவது கூப்பிட்டால் போதும். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் ஒருவன் கூப்பிட்டதால்தான்.

அவன் ஊர் மலைச்சரிவில் இருந்தது. வயல்கள் படிப்படியாக இறங்கின. மேலே ஊற்று. ஒரு வயல் நிரம்பி வழிந்து அடுத்த வயலில் விழும். நட்ட வயலின் ஓரத்தில் குழி வெட்டிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தார்கள். அவை பயிருக்கு நடுவே அலைந்து பூச்சியைத் தின்றன. அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்தால் எல்லாம் குழியில் வந்து சேரும், கூடையால் அள்ளலாம். ஒரு போகம் முழுக்க அங்கே இருந்தேன். இடையிலும் தூண்டில் போடுவார்கள், வாரத்தில் பாதி நாள் மீன்தான்.

சிமெண்ட் வீடுகள் நிறைய இருந்தன. முகப்பில் பளபளவென்று டைல்ஸ், கதவில் பூட்டு. கட்டியவர்கள் வெளிநாட்டில் வேலை செய்தார்கள். நண்பனின் மனைவியே தைவானில் ஒரு வீட்டில் கிழவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போனில் முகம் காட்டி, பிள்ளைகளின் நகத்தை ஏன் வெட்டவில்லை என்று அவனைத் திட்டுவாள். இளைஞர்கள் தவணை முடியாத பைக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வயலில் இறங்கியவர்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு நண்பன் சொன்னான்: "இந்த மீன் குழம்புக்கு ஆகும். கூரைக்கு ஆகாது." எனக்கு அது புரியத்தான் செய்தது. ஆனால் ஊருக்கு வந்து கதை சொன்னபோது அந்த வரியை விட்டுவிட்டேன். மீன் கதையை மட்டும்தான் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் கழனி. ஏரி மதகிலிருந்து தண்ணீர் முதலில் மேல் கழனிக்காரர் நிலத்தில் பாய்ந்து, அங்கிருந்து வழிந்து எங்களுடையதற்கு வரும். பயிர் வைப்பவன் என் தம்பி. நான் மாமல்லபுரத்தில் பஜ்ஜிக் கடையில் நிற்பவன். தம்பி மனைவி அப்போது அவனுக்கு ஒரு கெடு வைத்திருந்தாள்.

"இந்த ஒரு போகம்தான். ஒண்ணும் தேறலேன்னா வாட்ச்மேன் வேலைக்குப் போயிடணும். எங்க அண்ணன் திருவிடந்தையில சொல்லி வெச்சிகீறாரு."

"தேறும்மே. அண்ணாத்த கண்ணால பாத்துட்டு வந்துகீறாரு. பொய்யா சொல்லுவாரு?"

"மாமா பொய் சொல்லமாட்டாரு. சாப்ட்டதை மட்டும் சொல்லுவாரு" என்றாள், என் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே.

தம்பி குழி வெட்டினான். நானும் இரண்டு நாள் மண் சுமந்தேன். தன் கழனிக்கு மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டான். குஞ்சு விடுவதற்கு முன்னால் கேட்டான்: "ஏண்ணா, மேல் கழனில மருந்து அடிச்சா இங்க தண்ணி வருமே. அங்க இன்னா பண்ணாங்க?"

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அந்த ஊரில் தண்ணீரை யாரும் அடைத்து நான் பார்க்கவில்லை. மருந்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டும் பார்க்கவில்லை. "அது ஓடுற தண்ணிடா. நிக்காது" என்றேன். டீக்கடையிலும் அதையே சொன்னேன். மேல் கழனிக்காரர் அங்கேதான் இருந்தார். "இன்னா நைனா, இந்த வருஷம் நெல்லு நடறியா, மீனு நடறியா?" என்று தம்பியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

குஞ்சுகள் உள்ளங்கை நீளம் வளர்ந்திருந்தபோது அவர் எப்போதும்போலப் பயிருக்கு மருந்து அடித்தார். மறுநாள் காலையில் எங்கள் கழனி வெள்ளையாக இருந்தது. எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தம்பி கூடையில் அள்ளிப்போய்த் தென்னைக்கு அடியில் புதைத்தான். மேல் கழனிக்காரர் ஓடிவந்தார்.

"டேய், சத்தியமா வேணும்னு பண்ணலடா. ஒரு வார்த்த சொல்லிருந்தா தண்ணிய அப்பால திருப்பிருப்பேனே. ஓடுற தண்ணில நிக்காதுன்னு உங்கண்ணன்தானே டீக்கடையில சொன்னாரு?"

அன்று நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் மறுபடியும் மலேசியாவில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டம் போட்டீர்களா?" என்றான்.

"என்ன கூட்டம்?"

"நடவுக்கு முன்னால் எங்கள் பெரியவர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோமே. ஒரே தண்ணீர் பாயும் வயல்காரர்கள் எல்லாரும். மருந்து அடிப்பதில்லை, அடித்தே ஆகவேண்டுமென்றால் கீழே இருப்பவனுக்கு முதல் நாளே சொல்வது என்று பேசி முடித்தோமே. நீயும்தானே இருந்தாய்."

இருந்தேன். ஒரு பெரியவர் துஆ ஓதினார். பிறகு வெகுநேரம் பேசினார்கள். நண்பனோடு நான் பேசுவது கடையில் கற்ற மலாய்; அந்த ஊர்ப் பாஷையில் எனக்குச் சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர அதிகம் தெரியாது. கடைசியில் வாழையிலையில் சோறும் கோழியும் கட்டி ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துச் சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தேன். எழுந்து இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வரப்பில் வைத்துத் தம்பியிடம் அப்படியே சொன்னேன். அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. சிரித்துவிட்டான்.

"சோறு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். குத்திக் கேட்கவில்லை. அவனுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

"நல்லா இருந்தது" என்றேன்.

அறுப்பு முடிந்ததும் தம்பி திருவிடந்தைக்குப் போய்விட்டான். ஒரு கடலோர ரிசார்ட்டின் கேட்டில் நிற்கிறான். நீலச் சட்டை, விசில், தோளில் ஒரு கயிறு. கழனியை மேல் கழனிக்காரருக்கே குத்தகைக்கு விட்டாயிற்று. அவர் ஒருநாள் என் கடைக்கு வந்து, ஓரமாக நின்று பஜ்ஜி தின்றபடி கேட்டார்: "அண்ணாத்த, அந்தக் குழி எத்தினி ஆழம் வெட்டணும்? நம்ம ரெண்டு கழனிலயும் வுட்டுப் பாக்கலாம்னு கீறேன். எனக்கு மேல மருந்து அடிக்க யாருன்னா கீறானா? மதகுதான் கீது."

இடுப்பளவு என்றேன். அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. தண்ணீர் முழுக்க இப்போது அவருடையது.

போன வாரம் ஊருக்குப் போனபோது தம்பி மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். அறுப்புக்குத் தண்ணீர் வடித்ததில் கிடைத்தது என்று மேல் கழனிக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். "தலை வேணுமா மாமா, வாலா?" என்றாள். தலையைத் தின்றேன். மறுசோறும் வாங்கினேன். கிளம்பும்போது ஒரு டப்பாவில் குழம்பைப் போட்டுக் கையில் கொடுத்தாள். "அவருக்கு லீவு இல்லியாம். நீங்க அப்டியே பஸ்ல போயி குடுத்துட்டு வந்துடுங்க."

கேட்டில் தம்பி டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"யாரு கழனி?"

"நம்ம கழனிதான்."

ஒரு கார் ஹாரன் அடித்தது. மூடியை மூடிவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தான். கார் போனதும் திரும்பி வந்தான்.

"முள்ளு எப்டிண்ணா?"

"ஜாஸ்தி. பாத்து சாப்டு" என்றேன். தின்றுவிட்டு வந்தவனால் அதையாவது சரியாகச் சொல்ல முடிந்தது.