சந்தானம் சார் எனக்காகச் சொன்ன பொய்

இதுவரை தெரிந்தவர்கள் இறந்த செய்தியை எல்லாம் யாராவது சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். சந்தானம் சார் போன செய்தியை நானே படித்தேன். மல்லாபூர் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நம் வானொலி நேயர் குழுவிலிருந்து போனில் தமிழில் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்கு எப்போதும் ஒரு குஷி. அன்றும் குஷியாகத்தான் ஆரம்பித்தேன். 'சந்தானம்' என்று வந்ததும் இன்னும் சந்தோஷம். அடுத்த சொல்லைக் கூட்டி முடித்ததும் வாயில் நுரையோடு உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாதுகாப்புத் துறையில் ஓய்வுபெற்று, மாரெட்பள்ளி வீட்டிலிருந்து எங்கெங்கோ உள்ள சிற்றலை நிலையங்களைப் பிடித்து, பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்தவர். அவற்றில் பல நிலையங்கள் இன்று இல்லை. "ஸ்டேஷன் செத்தாலும் குரல் நம்மகிட்ட இருக்கு, பெருமாள்" என்பார் என்னிடம். அந்தப் பதிவு சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. மாதாப்பூரில் வேலை பார்க்கும் மகன், "இந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுங்கப்பா" என்னும்போதெல்லாம் "நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கான இந்த ஊர் உருதுச் சொல் ஒன்றிலேயே முடித்துவிடுவார்.

நான் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டுவதும் ஃபேன் மாற்றுவதும் என் வேலை. சாஃப்ட்வேர் மக்கர் செய்தால் அவர் பார்த்துக்கொள்வார். சர்க்கரை நோயால் அவருக்குக் கண் போன பிறகு, திரையில் வருவதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். எந்தப் பெட்டி என்ன நிறம், எந்த இடத்தில் வந்தது என்று மனதில் வைத்துக்கொண்டு, "போன தடவ வந்ததேதான் சார்" என்பேன். "அப்ப இடது பக்க பட்டனை அமுக்கு" என்பார். பல மாதம் இப்படியே ஓடியது.

ஒரு மதியம் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. பழைய சி.டி.யைப் போட்டுச் சரிசெய்ய உட்கார்ந்தோம். ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது.

"என்ன கேக்குது?"

"போன தடவ கேட்டதேதான் சார்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

பார்த்தேன் என்பது உண்மைதான். இடது பக்கம் அமுக்கினேன். டிஸ்க்கை அழிக்கட்டுமா என்று கேட்ட பெட்டி அது; டிஸ்க்கில் இருந்த அத்தனையும் அழிந்தது. பதினோரு வருடப் பதிவு. வேறெங்கும் நகல் இல்லை.

"என்ன எழுதியிருந்துச்சு? ஒவ்வொரு எழுத்தா சொல்லு" என்றார். "பெட்டி சாம்பல் நிறம் சார்" என்றேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "வீட்டுக்குப் போ" என்றார்.

நம் குழுவின் அடுத்த கூட்டத்தில் அவர், "டிஸ்க்குக்கு வயசாச்சு, போயிடுச்சு" என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நான் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அழித்தவன் நான். அந்தப் பொய் எனக்காகச் சொன்னது. இதை உங்களிடம் என் கையாலேயே எழுதிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான்கு நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஃபேக்டரில எத்தனை சைஸ் ஸ்பேனர் இருந்துச்சு?"

"முப்பதுக்கு மேல சார்."

"இங்க இருபத்தாறுதான்யா. உக்காரு."

அவர் விரலுக்குக் கீபோர்டு மனப்பாடம். ஒரு கீயைத் தட்டி அதன் பெயரைச் சொல்வார். நான் அதன் வடிவத்தைப் பார்த்துக்கொள்வேன். இரண்டு மாதத்தில், திரையில் இருப்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தேறினேன். நான் எழுத்தைச் சொல்வேன், அவர் பொருளைச் சொல்வார். மறுபடி பதிவு செய்யத் தொடங்கினோம். "இனிமே அழிச்சா, படிச்சுட்டுத்தான் அழிச்சன்னு அர்த்தம்" என்று சிரிப்பார். இங்கிலீஷ் வந்துவிட்டதே, தமிழ் என்ன பாவம் செய்தது என்று பிறகு என் மருமகளிடம் தமிழும் கற்றேன்.

ஆனால் மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "அந்தக் குரல் ஒண்ணும் இனி கெடைக்காது, இல்ல?" என்பார். "கெடைக்காது சார்" என்பேன்.

காரியம் முடிந்ததும் அவர் மகன் கம்ப்யூட்டரை எனக்கே கொடுத்துவிட்டார். அதில் நாங்கள் சேர்ந்து செய்த பத்தொன்பது பதிவுகள் இருக்கின்றன. உங்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று நேற்று ஓடவிட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தேன், ஒன்றுவிடாமல். பொருள் சொல்ல அவர் இல்லை. இடது பக்கமும் அமுக்கவில்லை, வலது பக்கமும் அமுக்கவில்லை. பெட்டி இன்னும் திரையில் நிற்கிறது. உங்களில் யாராவது வாருங்கள். நான் எழுத்தைச் சொல்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இருபத்தாறு எழுத்தும், தெரியாததை அமுக்காமல் நிற்கும் இந்த விரலும்தான்.