தாய்மாமன் சீர் டெல்லியில் நிற்கிறது

என் தம்பி அரசாங்க விமான கம்பெனியில் மெக்கானிக். மீனம்பாக்கத்தில் வேலை. எங்கள் பக்கம் பெரும்புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம் வைகாசியில், சிதம்பரத்தில் என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது, அவன் சம்பளம் வாங்கி மாசக்கணக்காகியிருந்தது. வேலை போகவில்லை. தினமும் போய் விமானத்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு வருகிறான், சம்பளம் மட்டும் கிடையாது. இந்தக் கூத்தை ஒரு மளிகைக் கடைக்காரர் செய்திருந்தால் லேபர் ஆபீசில் நிறுத்தி நாறடித்திருப்பார்கள். செய்தது அரசாங்கம் என்பதால் நிதி நெருக்கடி என்று கௌரவமாகப் பெயர் வைத்தார்கள்.

எனக்கு ஏன் அவ்வளவு வயிறு எரிந்தது என்றால், நான் மஞ்சக்குப்பத்தில் கருவூலத்தில் வேலை பார்த்தவள். அரசு அலுவலகங்களின் பில்லெல்லாம் என் மேஜைக்கு வரும். டீ வாங்கிய ரசீது இல்லையென்றால் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவேன். "ஒரு டீக்கு இவ்ளோ ரூல்ஸா மேடம்?" என்று முணுமுணுப்பார்கள். அரசாங்கப் பணம், அப்படித்தான் என்பேன். டெல்லியில் என்னடாவென்றால், நஷ்டத்தில் தள்ளாடுகிற கம்பெனிக்குக் கடன் வாங்கிப் புதுப்புது விமானமாக ஆர்டர் கொடுத்தார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று டிவியில் சிரித்தார்கள். அந்த பில்லுக்கு ஆட்சேபணை எழுத அங்கே ஒரு மேஜைகூடவா இல்லை?

அப்பாவைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கலெக்டர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். முன்பு தனியார் விமான கம்பெனிகள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில், தம்பியையும் கூப்பிட்டார்கள். நல்ல சம்பளம். அப்பா குறுக்கே விழுந்துவிட்டார். "பிரைவேட்காரன் நெனச்சா நாளைக்கே கடைய சாத்திட்டுப் போயிடுவான். கவர்மெண்ட் சாத்துமாடா?" என்றார். கவர்மெண்ட் சாத்தவில்லை, உண்மைதான். கடையைத் திறந்து வைத்துக்கொண்டே கல்லாவை மட்டும் பூட்டிவிட்டது. அவனோடு வேலை பார்த்தவர்கள் பலர் அப்போதே துபாய், தோஹா என்று போய்விட்டார்கள். இவன் அப்பா பேச்சைக் கேட்டு இருந்துவிட்டான்.

காது குத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தான். "அக்கா, நான் வரல. பெரிய மாமா மடியில புள்ளைய உக்கார வச்சிடுங்க" என்றான்.

பெரிய மாமா என்பது என் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் மடியில் வைத்தால், அந்த வீட்டோடு அவனுக்கு உறவு அறுந்துபோனது என்று ஊரே முடிவு கட்டிவிடும். அதோடு, அவன் கொண்டுவருகிற சீர் என்ன என்று சபையில் ஒருவர் உரக்கச் சொல்லுவார். கம்மல், பட்டுப்பாவாடை, பழத்தட்டு என்று ஒவ்வொன்றாக. அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் பயந்தான்.

"கைய வீசிக்கிட்டு எப்பிடிக்கா வர்றது?" என்றான். "வீசிக்கிட்டே வாடா. நீ வரலன்னா எம்பொண்ணு காது மூளியாவே கெடக்கட்டும்" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

காது குத்து அன்று மண்டபத்தில் ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். தம்பியைக் காணோம். பெரிய மாமாவுக்குச் சிதம்பரத்தில் உரக்கடை. பாயில் உட்கார்ந்துகொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னார்: "வரிய பூரா அந்த ஏரோபிளேன்லதாம்ப்பா கொட்றாங்க. நம்ம காசு. இவுங்க சொகுசா இருந்துட்டு நஷ்டம்ன்றாங்க."

"மாமா, நீங்க விக்கிற உர மூட்டைக்கு மானியம் எங்கேர்ந்து வருது? அதுவும் அந்த வரிதான். அதுக்காக உங்கள யாராச்சும் சொகுசுன்னு சொன்னாங்களா?" என்றேன். மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. "கொட்ற காசு பேங்க் கடனுக்கும் வட்டிக்கும் போவுது மாமா. எந்தம்பி கைக்கு வந்திருந்தா அவன் இந்நேரம் மேளத்தோட வந்திருப்பான்."

அதற்குள் அப்பா வெளியே போவது தெரிந்தது. பின்னாலேயே போனேன். தம்பி வாசலுக்கு எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அப்பா நகைக்கடைப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தார். கம்மல். மாசம் தவறாமல் வருகிற பென்ஷனில் வாங்கியது. "நீ வாங்கினதா குடுத்துடு. யாருக்கும் தெரியாது" என்றார்.

அவன் வாங்கவில்லை. "நான் வேல செய்யலியாப்பா? செஞ்சேன். கூலி குடுக்காதது அவுங்க. நான் எதுக்குப்பா பொய் சொல்லணும்?"

அப்பா கையிலிருந்த பொட்டலத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் தம்பியைப் பிடித்து, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதைப்போல உள்ளே இழுத்துப் போனேன். பெரிய மாமா எழுந்து இடம் விட்டார். அதை மறைக்கக்கூடாது, எழுந்தார். தம்பி உட்கார்ந்ததும் குழந்தை மடியில் ஏறி அவன் சட்டைப் பையில் கையை விட்டது.

வழக்கப்படி சீர் சொல்லுகிறவர், "தாய்மாமன் சீர் என்னாம்மா?" என்று கேட்டார்.

"கம்மல் தாத்தாவோட பென்ஷன்ல வாங்கினது. தாய்மாமன் சீர் டெல்லில நிக்குது. கவர்மெண்ட் அனுப்பினதும் வரும்னு சொல்லுங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். சீர் சொல்லுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே சபையில் சொன்னார். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீல் என்று கத்தியது. தம்பி அதன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது.

பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். சாயங்காலம் டூட்டியாம். எனக்கு மறுபடியும் பொங்கியது.

"சம்பளம் தராதவனுக்கு என்னாடா டூட்டி? பாதி வேலைய அப்படியே போட்டுட்டு வா. அப்பதான் அவுங்களுக்கு ஒறைக்கும்" என்றேன்.

அவன் என்னை யாரோ வழியில் போகிறவளைப் பார்ப்பதைப்போலப் பார்த்தான். "அக்கா, அதுல ஜனங்க ஏறுவாங்கக்கா" என்றான்.

சென்னை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது முன்பே தெரியும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இவன் நட்டைச் சரியாக முறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான் என்று தெரியும். தெரிந்துதான் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், பாவிகள்.