முதுநகர் மேடையில் திறக்க மறுத்த மீன் பெட்டி

சிதம்பரம் வரை போய்விட்டு ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2011 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நான் கிளம்பியது என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அருளுக்குத் துணையாக. கடலூர் முதுநகரில் ஒரு சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அவன் பேச வேண்டும். தலைப்பு, ‘சுற்றுச்சூழலைக் கெடுக்காத தொழில்துறை வடிவமைப்பு’. படித்ததும் கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது.

அருளுக்குப் புனேயில் வேலை. மிக்ஸி, டார்ச் லைட் மாதிரியான பொருட்கள் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பான். ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, சிதம்பரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, மீன் விற்கும் பெண்களுக்காக ஒரு ஐஸ் பெட்டி செய்திருந்தான். சங்கம் அந்தப் பெண்களுக்கு இருபது பெட்டி வாங்கித்தர ஒப்புக்கொண்டால் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுவான். இல்லாவிட்டால் திங்கட்கிழமை புனேவுக்கு ரயில் ஏற வேண்டும். “நீங்க முன்னாடி உக்காந்துக்கங்க, தெரிஞ்ச மூஞ்சி இருந்தா பதறாம பேசுவான்” என்று சொல்லித்தான் ஸ்டெல்லா என்னை அனுப்பினாள்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மாலை நாலு மணிக்கு ஏறினோம். முதுநகருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பதினேழு ரூபாய். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும், வலது பக்கம் பிடியுங்கள். நான் பிடித்துவிட்டேன். மச்சானுக்கு வெயில்.

வழியில் பெட்டியின் கதையைக் கேட்டேன். தெர்மாகோல் பெட்டியில் ஒரு மூலை உடைந்தாலும் மொத்தப் பெட்டியும் குப்பைதான், கடைசியில் அது உப்பனாற்றில் மிதக்கும். அருளின் பெட்டியில் தென்னை நாரை அழுத்திச் செய்த பலகைகள், மேலே தார்ப்பாய் உறை. ஒரு சொட்டுப் பசை கிடையாது. பலகைகளைக் கயிற்றால்தான் கோத்திருக்கிறான். ஒரு பலகை போனால் கயிற்றை அவிழ்த்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மேடையில் எல்லோரும் பார்க்க அவிழ்த்து, மறுபடி கட்டிக் காட்டப் போவதாகச் சொன்னான். பேச்சே அதுதான். மாதிரிப் பெட்டியைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சங்கத்தார் மூன்று நாளைக்கு முன்பே வாங்கிப் போயிருந்தார்கள்.

ஐந்தேகால் மணிக்கு முதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். முப்பது ரூபாய். சங்கத்தின் பெயர் போட்ட கட்டடம் என்று அடையாளம் சொன்னேன். “சார், இங்க பஸ் நிழற்குடை, தண்ணித் தொட்டி, ஸ்கூல் பெஞ்சு, எல்லாத்துலயும் அவுங்க பேருதான். நீங்க எந்தக் கட்டடம்னு சொல்லுங்க” என்றார் ஓட்டுநர். அந்த ஊர்க்காரர்கள் கொடுப்பதற்கு அஞ்சுவதில்லை, கொடுத்ததை எழுதி வைப்பதற்கும் அஞ்சுவதில்லை.

கூட்டம் ஆறரைக்கு மணியடித்துத் தொடங்கியது. அந்த மாதம் பிறந்தநாள் கொண்டாடும் உறுப்பினர்களுக்குக் கேக் வெட்டினார்கள், அருளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் ஒரு டாக்டரம்மா, நேரத்தை வீணாக்காதவர். ஏழு மணிக்கு அருள் பேச எழுந்தான். பெட்டியின் மேல் போர்த்தியிருந்த துணியைச் செயலாளர் தண்டபாணி விலக்கினார். முதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பெட்டியின் முகப்பில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் தகடு. ‘உபயம்’ என்று தொடங்கிச் சங்கத்தின் பெயரும் நிர்வாகிகளின் பெயர்களும். நாலு மூலையிலும் ரிவெட் அடித்திருந்தார். கைதட்டல் வேறு.

அருள் ஒரு நொடி திகைத்தான். ஆனாலும் சமாளித்துப் பேச்சைத் தொடங்கி, கயிற்றை உருவினான். கயிறு வந்தது, பலகை வரவில்லை. இன்னொரு பக்கம் இழுத்தான், அங்கும் அசையவில்லை. குனிந்து பார்த்தவனின் காது சிவந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கும் தெரிந்தது, மூட்டுகள் எல்லாவற்றிலும் மஞ்சளாகப் பசை. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆறு மாத உழைப்பு அந்த மேடையில் ஒட்டிக்கொண்டு நின்றது. யார் செய்தது என்று கேட்டிருந்தால் அவன்மேல் தப்பே கிடையாது. அவன் கேட்கவில்லை.

தண்டபாணியே எழுந்தார். “அது நான்தான் ஒட்டுனேன். வெறும் கயிறா இருந்துச்சா, அவசரத்துல கட்டிக் குடுத்துட்டாருன்னு நெனச்சுட்டேன். நாளைக்கி சங்கத்துப் பேரு போட்ட பெட்டி பிரிஞ்சி வந்தா அசிங்கமாச்சேன்னு” என்றார். நூறு பேர் முன்னால் ஒரு செயலாளர் இப்படிச் சொல்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அருள் கேக் வெட்டிய கத்தியைக் கேட்டு வாங்கி அவரிடமே கொடுத்தான். “அண்ணே, ஒரு பலகைய மட்டும் எடுத்துக் குடுங்க.” அவர் அறுத்தார். அந்தப் பலகை கிழிந்து, பக்கத்துப் பலகையும் கிழிந்து, நார் மேடை முழுக்கக் கொட்டியது. அருளிடம் இருந்தது அந்த ஒரு பெட்டிதான்.

“கட்டியிருந்தா ஒன்னுதான் போயிருக்கும், ஒட்டுனதால எல்லாமே போச்சு. நம்ம வீட்டுல கெட்டுப்போற சாமான்ல முக்காவாசி இப்பிடித்தான். நான் ஒரு மணி நேரம் பேச இருந்தத அண்ணன் ஒரு ட்யூப் பசையில சொல்லிட்டாரு” என்றான் அருள். அரங்கமே சிரித்தது. தண்டபாணிதான் முதலில் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

அதன்பின் கேள்விகள் சரமாரியாக வந்தன. எடை ஜாஸ்தியா, ஈரத்தில் நார் நாறாதா, உப்புத் தண்ணீர் தாங்குமா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். இருபது பெட்டிக்கும் சம்மதமா என்று டாக்டரம்மா கேட்டதும் கைகள் உயர்ந்தன. ஒரு உறுப்பினருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ரிவெட் அடித்தால் தார்ப்பாயில் ஓட்டை விழும், அப்படியானால் நம் பெயரை எங்கே போடுவது? தண்டபாணிதான் பதில் சொன்னார். “சின்னத் தகட்டுல எழுதிக் கயித்துல கட்டி விட்ருவோம். வாங்குறவுங்க வேணாம்னா அவுத்துக்கட்டும்.”

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். “அப்ப புனேவுக்குக் கட்டி வச்ச பெட்டிலேருந்து அவன் ஸ்வெட்டர வெளிய எடுத்துடறேன்” என்றாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பேருந்தில் ஏறும்போதே முதுநகரா, கடலூர் பேருந்து நிலையமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறேழு கிலோமீட்டர். அகலப்பாதை ரயிலும் ஓடுகிறது, முதுநகருக்கு இறங்க வேண்டியது துறைமுக நிலையம். சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். மீன் அங்காடிக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், படம் எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போன வாரம் நானும் அந்த அங்காடிக்குப் போயிருந்தேன். அருளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஒன்றில் புதுப் பலகை மாற்றியிருந்தார்கள். பாதிப் பெட்டிகளில் பெயர்த் தகட்டைக் காணோம். கடைக்குப் போய்த் தண்டபாணியிடம் அதை மெதுவாகச் சொன்னேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பெட்டி இருக்குல்ல சார்” என்றார்.